அரபு படிக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரபு மொழி, இலக்கியம், அரபு உலகின் பண்பாட்டு வரலாறு ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சில பதில்கள் நீளும், சில இரண்டு வரியில் முடியும். என் விருப்பு வெறுப்பும் நடுவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரபு என்றால் எந்த அரபு? எழுத்து அரபா, பேச்சு அரபா?

இரண்டும்தான். செய்தித்தாள், நாவல், தொலைக்காட்சிச் செய்தி, பல்கலைக்கழகப் பாடம் எல்லாம் ஃபுஸ்ஹாவில், அதாவது எழுத்து அரபில் இருக்கும். வீட்டிலும் கடையிலும் சண்டையிலும் காதலிலும் பேசுவது ஆம்மிய்யா, அதாவது வட்டார வழக்கு. 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் இரட்டை வழக்கு பற்றி எழுதிய பிரபலமான கட்டுரையில் காட்டிய நான்கு எடுத்துக்காட்டுகளில் அரபும் ஒன்று. ஐரோப்பிய மாணவர்கள் இதைக் கேட்டுத் திகைத்துப் போவார்கள், நமக்கு அந்தத் திகைப்பு கிடையாது. மேடையில் ஒரு தமிழ், இறங்கி வந்ததும் ஒரு தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் வட்டாரங்களுக்கு நடுவே இருக்கும் தூரம் நெல்லைக்கும் கோவைக்கும் உள்ள தூரம் இல்லை. 'இப்போது' என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுஸ்ஹாவில் அல்ஆன், கெய்ரோவில் தில்வஅத்தி, டமாஸ்கஸில் ஹல்லஅ, வளைகுடாவில் அல்ஹீன், மொராக்கோவில் தாபா. மொராக்கோக்காரர் வேகமாகப் பேசினால் ஈராக்கியர் முழிப்பார். எகிப்திய வழக்கை மட்டும் ஏறக்குறைய எல்லோரும் புரிந்துகொள்வார்கள், அதற்குக் காரணம் எகிப்தின் சினிமாவும் பாட்டும்.

என் யோசனை: முதல் வருடம் ஃபுஸ்ஹாவில் அடித்தளம் போடுங்கள், அப்புறம் ஏதாவது ஒரு வட்டாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று. மூன்றை ஒரே நேரத்தில் தொட்டால் கடைசியில் எந்த ஊர்க்காரரும் பேசாத அரபுதான் வாயில் வரும்.

மாமா துபாயில் இருபது வருடம் இருந்தவர். அவரிடமே கற்றுக்கொள்ளலாமா?

அவரிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, மொழியைத் தவிர. 'மாஃபி முஷ்கில்' (பிரச்சினை இல்லை) வகை அரபு தனி ஒரு கலவை மொழி. வளைகுடாவில் தெற்காசியத் தொழிலாளர்களும் உள்ளூர்க்காரர்களும் தங்களுக்குள் உருவாக்கிக்கொண்டது. வினைத் திரிபு ஏறக்குறைய இல்லை, 'ஃபீ' (உண்டு), 'மாஃபி' (இல்லை) இரண்டை வைத்தே பாதி வாக்கியம் ஓடிவிடும். மொழியியலாளர்கள் இதைத் தனியாகவே ஆராய்கிறார்கள், நகைப்புக்குரிய விஷயமே இல்லை. ஆனால் அதைக்கொண்டு ஒரு கவிதை வரியைப் படிக்க முடியாது.

எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். பாதி வேலை முடிந்ததா?

கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம், அது சின்ன விஷயமல்ல. எழுத்து தெரியும், உச்சரிப்பில் ஆரம்பப் பயிற்சி உண்டு, காது பழகியிருக்கும். தொண்டையின் அடியிலிருந்து வரும் ஐன், ஹா போன்ற ஒலிகளுக்குப் புதிதாக வருபவர்கள் மாதக்கணக்கில் திணறுவார்கள். அப்புறம், நீங்கள் பார்த்துப் பழகிய பிரதியில் எல்லா எழுத்துக்கும் மேலும் கீழும் உயிர்க்குறி இருக்கும். செய்தித்தாளில் அது இருக்காது. மெய்யெழுத்தை மட்டும் எழுதி வைத்துவிட்டு உயிரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவார்கள். இலக்கணம் தெரிந்தால்தான் சரியாக வாசிக்கவே முடியும் என்ற நிலைமை அங்கே.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். தமிழ் முஸ்லிம்கள் 'ரமளான்' என்றும் 'உளூ' என்றும் சொல்வதைத் தவறான உச்சரிப்பு என்று சிலர் திருத்த வருவார்கள். அந்த இடத்தில் வரும் எழுத்து ளாத். எட்டாம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் சீபவைஹி இந்த எழுத்தை விவரிக்கும்போது நாக்கின் பக்கவாட்டிலிருந்து பிறக்கும் ஒலி என்கிறார், அதாவது லகர ளகரச் சாயல் உள்ள ஒன்று. ஸ்பானியத்தில் ஊர்த் தலைவருக்கு அல்கால்தே என்று பெயர், 'அல்காளி' (நீதிபதி) என்ற அரபுச் சொல்லிலிருந்து போனது, அங்கேயும் ஒரு லகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய அரபு நாடுகளில் இந்த ஒலி அழுத்தமான தகரமாகவோ ஸகரமாகவோ மாறிவிட்டது. வகுப்பில் இன்றைய உச்சரிப்பையே பழகுங்கள். பாட்டியைத் திருத்த வேண்டாம்.

எழுத்து கஷ்டமா?

இல்லை. 28 எழுத்து. சொல்லின் முதல், நடு, கடைசி என்று இடத்துக்கு ஏற்ப வடிவம் மாறும், ஆறு எழுத்துகள் அடுத்த எழுத்தோடு சேராது. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சில வாரங்களில் கை பழகிவிடும். 247 எழுத்தைச் சின்ன வயதிலேயே படித்து முடித்தவர்கள் இதற்குப் பயப்படக் கூடாது.

அகராதியில் சொல்லைக் கண்டுபிடிக்கவே முடியவில்லையே?

எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நல்ல அரபு அகராதி பெரும்பாலும் வேர் வரிசையில், அதாவது சொல்லுக்கு அடிப்படையான மெய்யெழுத்துகளின் (பெரும்பாலும் மூன்று) வரிசையில் இருக்கும், சொல்லின் முதலெழுத்தைப் பார்த்துத் தேடினால் கிடைக்காது. வளைகுடாவில் எந்த ஊரிலும் பலகையில் காணும் ஒரு சொல்: முஸ்தஷ்ஃபா, மருத்துவமனை. 'மு' பகுதியில் தேடினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். 'முஸ்த' என்பது வாய்பாட்டின் (வேரை வார்த்துச் சொல்லாக்கும் அச்சின்) முன்னொட்டு, அதைக் கழற்றினால் ஷ, ஃப, ய என்ற மூன்று மெய் மிஞ்சும். ஷீன் எழுத்துக்குப் போய் அந்த வேரைப் பிடித்தால் முதலில் 'குணப்படுத்தினான்' என்ற வினை, அப்புறம் ஷிஃபா என்ற பெயர் (இந்தப் பெயரில் நம் ஊரிலேயே மருத்துவமனைகள் உண்டு), இன்னும் கீழே பத்தாம் வாய்பாட்டில் 'குணம் தேடினான்', அதிலிருந்து 'குணம் தேடிப் போகும் இடம்'. ஒரு சொல்லைத் தேடப் போய் ஒரு குடும்பத்தையே பார்த்துவிட்டு வருவீர்கள்.

மாணவர்கள் கையில் அதிகம் இருப்பது ஹான்ஸ் வேர் தொகுத்த அகராதி. ஜெர்மன் பதிப்பு 1952, அதன் ஆங்கில வடிவம் 1961. பழைய இலக்கியத்துக்கு அது போதாது. இப்னு மன்ஸூரின் லிஸானுல் அரப் பக்கம் போக வேண்டியிருக்கும், அங்கே வேரின் கடைசி எழுத்தை வைத்து வரிசை! இயைபு தேடும் புலவருக்கு அது வசதி, நமக்குத் தலைவலி. இன்று கணினியில் தேடலாம் என்பதால் தப்பித்தோம்.

எவ்வளவு காலம் ஆகும்?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுபவர்களுக்கு அரபை மிகக் கடினமான வகையில் வைத்து 2200 வகுப்பு மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறது. சீனம், ஜப்பானியம், கொரியமும் அதே வகைதான். வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் படிப்பவருக்கு ஐந்தாறு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'முப்பது நாளில் அரபு' புத்தகங்கள் விமான நிலையத்தைத் தாண்ட உதவும்.

எந்தப் பாடநூல்?

உலகம் முழுக்க மதினா புத்தகங்கள் என்ற பெயரில் புழங்கும் மூன்று பாகப் பாடநூல் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். 'இது என்ன? இது வீடு' என்று தொடங்கும். அதை எழுதிய வி. அப்துர் ரஹீம் நம் வாணியம்பாடிக்காரர், மதினா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் அரபு கற்பித்தவர், 2023இல் காலமானார். இலக்கணத்தை ஒரு நேரத்தில் ஒரு துளி என்று ஊட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பேன். குறை என்னவென்றால் அன்றாடப் பேச்சு அதில் கிடைக்காது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஓடும் பாடநூல் இதற்கு நேர் எதிர்: படம், ஒலி, எகிப்திய உரையாடல் எல்லாம் உண்டு. ஆனால் கரண்டிக்குச் சொல் தெரியும் முன்பே ஐக்கிய நாடுகள் சபைக்குச் சொல் தெரிந்துவிடும் என்று மாணவர்கள் கிண்டலடிப்பார்கள்.

மதரஸா வழியில் வருபவர்கள் ஆஜுர்ரூமிய்யா என்ற சிறிய இலக்கண நூல், அப்புறம் இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யா என்று போவார்கள். அல்ஃபிய்யா என்பது ஏறக்குறைய ஆயிரம் பாட்டில் எழுதிய இலக்கணம், ஆசிரியர் 1274இல் டமாஸ்கஸில் இறந்தவர். நன்னூல் நூற்பாவை மனப்பாடம் செய்த தலைமுறைக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. இந்த வழியில் வந்தவர்களின் இலக்கண பலத்தை நவீன வகுப்பறை மாணவர்களிடம் நான் அதிகம் பார்த்ததில்லை. அதே ஆலிமைக் கெய்ரோவில் டாக்ஸி பேரம் பேசச் சொன்னால் தடுமாறுவார்.

முஸ்லிம் அல்லாதவர்கள் படிக்கலாமா?

இந்தக் கேள்வி வருவதே வருத்தம்தான். ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் பழைய கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களை மொழிபெயர்த்துக் குவித்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறிஸ்தவர். யூத தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் தன் முக்கிய தத்துவ நூலை எழுதியது அரபு மொழியில், ஹீப்ரு எழுத்தில். பழைய கெய்ரோவின் யூத ஆலயம் ஒன்றில் கிடைத்த லட்சக்கணக்கான தாள்களில் அப்படி ஹீப்ரு எழுத்தில் எழுதிய அரபு ஏராளம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் இருந்து வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் கணக்குகளும் அந்தக் குவியலில்தான் கிடைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு அரபு மறுமலர்ச்சியில் நவீன அகராதியும் கலைக்களஞ்சியமும் தொகுத்த புத்ருஸ் அல்புஸ்தானி லெபனான் கிறிஸ்தவர்.

குர்ஆனைத் தெரியாமல் அரபு இலக்கியம் படிக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. நம்பிக்கை வேறு, வாசிப்பு வேறு. பின்னால் வந்த உரைநடை முழுவதிலும் அதன் நடையும் சொல்லாட்சியும் கலந்திருக்கிறது, அந்தக் குறிப்புகள் பிடிபடாவிட்டால் பாதி புரியாது.

இலக்கியத்தில் எங்கே தொடங்குவது?

எல்லோரும் நவீன சிறுகதையிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். மொழி எளிது, நியாயம்தான். நான் மட்டும், இரண்டாம் வருடத்திலேயே ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொண்டு இம்ருல் கைஸின் நெடும்பாட்டிலிருந்து ஐந்தாறு வரியாவது படியுங்கள் என்பேன். ஆறாம் நூற்றாண்டுப் பாட்டு, முஅல்லகாத் என்ற தொகுப்பில் முதலாவது. தோழர் இருவரை 'நில்லுங்கள், அழுவோம்' என்று நிறுத்துவதில் தொடங்குகிறது. காதலியின் கூட்டம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டது, மிஞ்சியிருப்பது தடம் மட்டும். உடனே ஊர்ப் பெயர்கள் வருகின்றன: ஸிக்துல் லிவா, தஹூல், ஹவ்மல். அப்புறம் ஒரு வரி: வீடுகள் இருந்த வெளியில் வெள்ளை மான்களின் புழுக்கை மிளகு மணிபோலக் கிடக்கிறது. முதல் தடவை படிப்பவர் சிரித்துவிடுவார். சிரித்து முடித்ததும் யோசித்துப் பாருங்கள், மனிதர்கள் இருந்த முற்றத்தில் இப்போது மான் திரிகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? அந்த மிளகு எங்கிருந்து போயிருக்கும் என்று யோசித்தால் நம் மேற்குக் கரை ஞாபகம் வரும்.

கைவிடப்பட்ட தங்குமிடத்தில் நின்று அழுவது பின்னர் பல நூறு ஆண்டுகளுக்கு மரபாகவே ஆகிவிட்டது. நகரத்திலேயே பிறந்து வளர்ந்த அப்பாஸிய காலப் புலவர்களும் பாழடைந்த கூடாரத் தடத்தைப் பாடினார்கள். அவர்களில் அபூ நுவாஸ் அதைக் கேலி செய்தார், அழுகிறவன் அழட்டும், நான் மதுக்கடையை விசாரிக்கிறேன் என்கிற தோரணையில். 1966இல் எகிப்தியப் பாடகி உம்மு குல்தூம் பாடிய அல்அத்லால் பாட்டின் பெயருக்கும் அந்தப் பாழிடங்கள்தான் பொருள். திணை மரபு தெரிந்தவருக்கு, நிலமும் உணர்வும் இப்படிச் சேர்ந்தே நடப்பது சட்டென்று பிடிபடும்.

உரைநடைக்கு: கலீலா வ திம்னா. நமக்குத் தெரிந்த பஞ்சதந்திரம்தான், பாரசீகம் வழியாகப் போய் எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா கையில் அரபு உரைநடையின் முன்மாதிரியாக ஆனது. கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் வாக்கியத்தின் மேல் கவனம் வைக்கலாம்.

அந்தப் பழைய கவிதைகள் எல்லாம் பிற்காலத்தில் கட்டியவை என்கிறார்களே?

1926இல் எகிப்தின் தாஹா ஹுசைன் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். இஸ்லாத்துக்கு முந்தையவை என்று சொல்லப்படும் பாடல்களில் பெரும்பகுதி பிற்காலத்தில் குலப் பெருமைக்காகவும் சமயத் தேவைக்காகவும் புனையப்பட்டது என்று எழுதினார். நாடே கொந்தளித்தது, வழக்குத் தொடுக்க விசாரணை நடந்து கைவிடப்பட்டது. சில பகுதிகளை நீக்கி, தலைப்பை மாற்றி அடுத்த வருடம் புத்தகம் மறுபடி வந்தது. சின்ன வயதிலேயே பார்வை இழந்த அந்த மனிதர் 1950இல் கல்வி அமைச்சரும் ஆனார்.

இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அவ்வளவு தூரம் போவதில்லை. வாய்மொழியாக வந்ததால் வரிகள் மாறின, இடம் மாறின, பழம்பாடல்களை மனப்பாடமாகச் சொல்லி வந்த ஹம்மாத் போன்றவர்கள் சொந்தச் சரக்கையும் கலந்தார்கள், ஆனால் மரபு உண்மையானது என்பதுதான் பொதுவான நிலை. கவனிக்க வேண்டியது, போலி பற்றிய சந்தேகத்தை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இப்னு சல்லாம் அல்ஜுமஹி எழுப்பிவிட்டார். மேற்கத்தியர் வந்து கண்ணைத் திறந்த கதை அல்ல இது.

ஆயிரத்தொரு இரவுகள்தானே அரபு இலக்கியத்தின் உச்சம்?

அரபு அறிஞர்கள் காதில் விழாமல் கேளுங்கள். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாத் புத்தக வியாபாரி இப்னுன் நதீம், அதன் பாரசீக மூலத்தை உப்புச்சப்பில்லாத புத்தகம் என்றே எழுதி வைத்தார். அது புகழ்பெற்றது ஐரோப்பாவில்தான், 1704 முதல் 1717 வரை கல்லான் என்பவர் வெளியிட்ட பிரெஞ்சு மொழிபெயர்ப்பால். அலாவுதீனும் அலிபாபாவும் அவரிடமிருந்த அரபுக் கைப்பிரதியில் கிடையாது. 1709இல் பாரிஸுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற அலெப்போ இளைஞர் வாயால் சொன்ன கதைகள் அவை. அவர் வயதான பின் எழுதிய பயணக் குறிப்பு வத்திக்கான் நூலகத்தில் இருந்து, பிற்பாடு பதிப்பாகி வந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அலாவுதீனைவிட அதுதான் நல்ல வாசிப்பு.

அரபுகள் கிரேக்க அறிவைப் பாதுகாத்து ஐரோப்பாவிடம் கொடுத்தார்கள், அவ்வளவுதானே?

அஞ்சல்காரர் வேலையா பார்த்தார்கள்? ஹுனைன் ஒரு நூலை மொழிபெயர்க்கும் முன் கிடைக்கிற கிரேக்கப் பிரதிகளை எல்லாம் சேர்த்து ஒப்பிட்டுப் பிழை நீக்குவார். கேலனின் நூல்களில் 129க்குக் குறிப்பு எழுதி, எதை யார் எப்போது மொழிபெயர்த்தார், எது மோசம் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். பணம் கொடுத்தவர்கள் கலீஃபாக்கள் மட்டுமல்ல, அமைச்சர்கள், மருத்துவர்கள், செல்வந்தர்கள் எல்லோரும். எட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் பாக்தாதில் காகிதம் செய்யத் தொடங்கியதும் பெரிய காரணம், தோலைவிட மலிவு. பாக்தாதின் பைத்துல் ஹிக்மா ('ஞான இல்லம்') என்பதை ஒரு பெரிய மொழிபெயர்ப்புப் பல்கலைக்கழகமாகக் காட்டுவது மட்டும் மிகை, சான்று குறைவு.

எண்களை அவர்கள் இன்றும் 'இந்திய எண்கள்' என்றுதான் சொல்கிறார்கள். 1030 வாக்கில் அல்பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய நூல், சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களோடு உட்கார்ந்து எழுதியது.

நவீன இலக்கியத்தில் எதைப் படிக்கலாம்?

நகீப் மஹ்ஃபூஸின் கெய்ரோ நாவல்கள், 1988இல் நோபல் வாங்கியவர், உரையாடலைக்கூட ஃபுஸ்ஹாவிலேயே எழுதியவர். சூடானின் தய்யிப் ஸாலிஹ். ஓமானின் ஜோகா அல்ஹார்த்தி, 2019 சர்வதேச மேன் புக்கர். கவிதையில் ஈராக்கின் நாஸிக் அல்மலாயிக்கா, 1947இல் காலரா பற்றி எழுதிய கவிதையோடு பழைய யாப்பின் கட்டு தளர்ந்தது.

ஒன்றே ஒன்று என்றால் கஸ்ஸான் கனஃபானி 1963இல் எழுதிய 'வெயிலில் மனிதர்கள்'. பாலஸ்தீனர் மூவர் தண்ணீர் லாரியின் காலித் தொட்டிக்குள் ஒளிந்து குவைத்துக்குள் போகப் பார்க்கும் குறுநாவல். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எந்த ஊர்க்காரருக்கும் விளக்கவுரை வேண்டாம்.

தமிழுக்கும் இந்தப் படிப்புக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?

நிறைய, ஆனால் வேலை செய்ய ஆள் குறைவு. சோழ மண்டலக் கரையை அரபு எழுத்தாளர்கள் மஅபர் என்றார்கள். 1340களில் மதுரை சுல்தானிடம் வந்து தங்கிய இப்னு பதூதா அந்தச் சுல்தானின் கொடுமையையும் மதுரையில் பரவிய கொள்ளைநோயையும் எழுதியிருக்கிறார். 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய ஆயிர மசலா, அரபிலிருந்து கிளம்பிப் பல மொழிகளுக்குப் போன கேள்வி-பதில் நூலின் தமிழ் வடிவம். பதினேழாம் நூற்றாண்டில் சதக்கத்துல்லா அப்பா அரபிலேயே கவிதை எழுதினார். அப்புறம் அரபுத்தமிழ்: தமிழை அரபு எழுத்தில், கூடுதல் எழுத்துகள் சேர்த்து எழுதும் முறை, காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை எல்லாம் புழங்கியது. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இதில் பெரிய பெயர். பழைய வீடுகளின் பரணில் இந்த அச்சுப் பிரதிகள் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. தமிழும் அரபும் இரண்டும் தெரிந்தவர்தான் இதைத் தொட முடியும், கெய்ரோ பேராசிரியரால் ஆகாது.

எங்கே படிப்பது? வேலை கிடைக்குமா?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருதுத் துறை உண்டு. திருச்சி ஜமால் முகமது கல்லூரி, சென்னை புதுக்கல்லூரி ஆகியவற்றிலும் படிக்கலாம். கேரளத்தில் வாய்ப்பு இன்னும் அதிகம், அங்கே பள்ளியிலேயே அரபு பாடம். டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் ஜாமியாவும், ஹைதராபாதில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும். இலங்கையில் பேராதனை, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். சேரும் முன் அங்கே வகுப்பு எந்த மொழியில் நடக்கிறது என்று விசாரியுங்கள். அரபு இலக்கியத்தை ஆங்கிலத்திலோ உருதுவிலோ விளக்கி முடித்துவிடும் இடங்களில் மூன்று வருடம் கழித்தும் வாய் திறக்க வராது.

வேலை உண்டு, மருத்துவமனைகளில் ஓமான், ஏமன், ஈராக் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளர், நிறுவனங்களில் ஆவண மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி. இலக்கியப் பட்டத்தை மட்டும் காட்டினால் கிடைக்காது. நேர்முகத்தில் ஒரு வட்டார வழக்கில் பத்து நிமிடம் பேசவும் ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்து மொழிபெயர்க்கவும் சொல்வார்கள். அரபு விசைப்பலகையை இன்றே பழக ஆரம்பியுங்கள்.